9×9 சுடோக்கு நிரலை 16×16-க்கு மாற்றும்போது எங்கே உடைகிறது: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

உங்களிடம் 9×9 சுடோக்குவைத் தீர்க்கும் நிரல் ஒன்று இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. அதையே 16×16-க்கும் 25×25-க்கும் பயன்படுத்தலாம் என்று இறங்கினால் எங்கேயோ உதைக்கிறது. அந்த இடத்தில் பலரும் செய்வது, கோப்பை அப்படியே நகலெடுத்து, 9 இருக்கும் இடத்தில் எல்லாம் 16 என்று மாற்றி ஓடவிட்டுப் பார்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு கோப்புகள் ஆகிவிட்டால், ஒன்றில் கண்டுபிடித்த பிழை இன்னொன்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைவிட முக்கியமாக, 16-இல் தெரியும் பிழைகளில் பாதி, 9-இலேயே இருந்து வெளியே தெரியாமல் போனவை. ஒரே நிரல் எல்லா அளவுக்கும் ஓடினால்தான் அவை சிறிய புதிரிலேயே மாட்டும்.

நகலெடுத்து மாற்றும் வழி தோற்பதற்குக் காரணம், 9 என்ற எண் உங்கள் நிரலில் ஒரே பொருளில் இல்லை என்பதுதான். ஓரிடத்தில் அது எத்தனை வரிசை, இன்னோரிடத்தில் மிகப் பெரிய எண் எது, வேறோரிடத்தில் எத்தனை பெட்டி. 3 இன்னும் மோசம்: பெட்டியின் உயரமும் 3, அகலமும் 3, குறுக்கே எத்தனை பெட்டி என்பதும் 3. 10 என்று இருந்தால் அது 9 வரை ஓட லூப்புக்குக் கொடுத்த எல்லையாக இருக்கும். அப்புறம் 9-இலிருந்து பிறந்த எண்கள்: 81 கட்டங்கள், 27 குழுக்கள் (வரிசை, நெடுவரிசை, பெட்டி மூன்றும் சேர்த்து), ஒவ்வொரு கட்டத்துக்கும் 20 அண்டைக் கட்டங்கள் (அதே வரிசை, நெடுவரிசை அல்லது பெட்டியில் இருக்கும் மற்ற கட்டங்கள்), 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எண்ணுக்கு ஒரு பிட் என்று சாத்திய எண்களைக் குறித்தால் ஒன்பது பிட்டும் எரியும்போது 511. இதே வரிசை 16×16-க்கு 256, 48, 39, 136, 65535. 25×25-க்கு 625, 75, 64, 325, 33554431. நிரலில் 9 என்று மட்டும் தேடினால் 20-உம் 45-உம் 511-உம் கையில் சிக்காது.

எனவே முதல் வேலை, பெட்டியின் உயரம், பெட்டியின் அகலம் என்று இரண்டே இரண்டு எண்களை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அவற்றிலிருந்து கணக்கிடுவது. சதுரப் பெட்டிக்கு ஒரே எண் போதுமே என்று தோன்றும். இரண்டாகவே வையுங்கள், காரணம் கீழே வருகிறது.

இரண்டாவது வேலை, விடை தெரிந்த சோதனைப் புதிர்களைத் தயாரித்துக்கொள்வது. இதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. வரிசை எண், நெடுவரிசை எண் இரண்டையும் 0-இலிருந்து எண்ணுங்கள். வரிசையைப் பெட்டி உயரத்தால் வகுத்து வரும் மீதியை அகலத்தால் பெருக்கி, அதோடு அந்த வகுத்தலின் ஈவைக் கூட்டி, நெடுவரிசை எண்ணையும் கூட்டி, மொத்தத்தைப் புதிரின் அளவால் வகுத்த மீதியோடு 1 கூட்டினால் அந்தக் கட்டத்தின் எண் கிடைக்கும். இது எந்த அளவுக்கும் சரியான முழுப் புதிரைக் கொடுக்கும். அதில் ஒரு கட்டத்தை அழித்துக் கொடுங்கள், அப்புறம் பத்து, அப்புறம் பாதி. எத்தனை கட்டம் அழித்தபோது நிரல் உடைகிறது என்பதே பெரிய துப்பு. ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கும்போதே தோற்றால் கோளாறு தேடலில் இல்லை, புதிரைப் படிப்பதிலோ பெட்டிக் கணக்கிலோ இருக்கிறது.

சரி, இனி அறிகுறிகள்.

அறிகுறி: புதிரைப் படிக்கும்போதே "நீளம் பொருந்தவில்லை" என்கிறது, அல்லது படித்தபின் எண்கள் இடம் மாறி நிற்கின்றன

பழைய நிரல் ஒரு எழுத்து ஒரு கட்டம் என்று படித்திருக்கும். 9 வரைக்கும் அது சரி. 12 என்று எழுதினால் அது 1, 2 என்று இரண்டு கட்டமாகிவிடும், அதற்குப் பிறகு எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும். என் யோசனை, உள்ளீட்டை எப்போதும் இடைவெளியால் பிரித்த எண்களாக வையுங்கள், எழுத்து வடிவம் வேண்டுமென்றால் அதைப் படிக்க மட்டும் தனி ஃபங்ஷன் ஒன்று இருக்கட்டும், தீர்க்கும் பகுதிக்கு உள்ளே எண்கள் மட்டுமே போகட்டும்.

எழுத்து வடிவத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 16×16 புதிர்கள் சில 1 முதல் 9, பிறகு ஏ முதல் ஜி வரை என்று இருக்கும். சில 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை என்று இருக்கும். இரண்டாவது வகையில் 0 ஒரு உண்மையான எண், உங்கள் நிரலுக்கோ 0 என்றால் காலிக் கட்டம். பிழைச்செய்தி எதுவும் வராது. கொடுக்கப்பட்ட எண்களில் சில சத்தமில்லாமல் காணாமல் போகும், புதிருக்குப் பல தீர்வுகள் இருப்பதாகத் தோன்றும், நிரல் அதில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகும். படித்து முடித்தவுடன் எத்தனை கட்டங்களுக்கு எண் கிடைத்தது என்று அச்சிட்டு, புதிரில் கைப்பட எண்ணியதோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: விடையில் எண்களுக்கு நடுவே : ; < = > ? @ என்று வருகிறது

இது பார்க்கப் பயமாக இருந்தாலும் நல்ல செய்தி, தீர்க்கும் பகுதி வேலை செய்துவிட்டது. '0' என்ற எழுத்தின் ஆஸ்கி மதிப்பு 48. எண்ணோடு 48 கூட்டி எழுத்தாக்கும் பழைய வழி 9 வரைக்கும் சரி, 10 கொடுத்தால் 58, அதாவது முக்காற்புள்ளி. 16 கொடுத்தால் 64, அது @. அச்சிடும் ஃபங்ஷனை மட்டும் மாற்றினால் போதும்.

அறிகுறி: அட்டவணை எல்லையைத் தாண்டிவிட்டது என்ற பிழை, அல்லது விடையில் வரிசையும் நெடுவரிசையும் சரி, பெட்டிக்குள் மட்டும் எண் இரண்டு முறை

பெட்டிக் கணக்கு. 9×9-இல் வரிசையை 3-ஆல் வகுத்து, ஈவை 3-ஆல் பெருக்கி, நெடுவரிசையை 3-ஆல் வகுத்த ஈவைக் கூட்டினால் பெட்டி எண். 16-க்கு இந்த 3-களை மாற்றாமல் விட்டால் கடைசிக் கட்டத்துக்குப் பெட்டி எண் 20 என்று வரும், இருப்பதோ 0 முதல் 15 வரை. பைதான், சி போன்றவற்றில் அட்டவணையை நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, இது சில சமயம் பிழைச்செய்தியோடு நிற்கும், சில சமயம் தவறான விடையோடு அமைதியாக முடியும்.

மூன்று 3-களையும் 4 ஆக்கினால் 16×16 ஓடிவிடும். ஆனால் அந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவது பெட்டியின் உயரம், மூன்றாவது அகலம், நடுவில் பெருக்குவது குறுக்கே எத்தனை பெட்டி என்பது. குறுக்கே இருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை, மொத்த அளவை அகலத்தால் வகுத்தால் வருவது, அதாவது உயரத்துக்குச் சமம். இங்கேதான் 6×6 புதிர் உதவுகிறது. அதில் பெட்டி 2 வரிசை உயரம், 3 நெடுவரிசை அகலம். நடுவில் தவறுதலாக அகலத்தைப் போட்டுவிட்டால் 6×6-இல் பெட்டி எண்கள் 0, 1, 3, 4, 6, 7 என்று வந்து உடனே காட்டிக்கொடுக்கும். சதுரப் பெட்டிகளில் இந்தத் தவறு எத்தனை வருடம் ஆனாலும் வெளியே வராது. இதற்காகத்தான் உயரமும் அகலமும் இரண்டாக இருக்கட்டும் என்றேன். 16-க்குப் போகும் முன் 6×6 ஓடவில்லை என்றால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள், 36 கட்டங்களைக் கண்ணால் பார்த்துவிடலாம், 256-ஐப் பார்க்க முடியாது.

இதோடு சேர்ந்த ஒன்று: விடையைச் சரிபார்க்கும் பகுதி கூட்டுத்தொகை 45 வருகிறதா என்று பார்த்தால், அதை 136 ஆக்காதீர்கள், அந்த முறையையே தூக்கிவிடுங்கள். ஒன்பது 5-களைக் கூட்டினாலும் 45-தான். ஒவ்வொரு குழுவிலும் எல்லா எண்களும் ஒரு முறை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அறிகுறி: 16×16 புதிரில் தொடங்கிய உடனே உறைந்து நிற்கிறது, ஒரு ஊகம்கூடச் செய்யவில்லை

சி, சி++ போன்ற மொழிகளில் இது பெரும்பாலும் மாறியின் அளவு. 81 கட்டங்களுக்கு 8 பிட் மாறி தாராளம். குறியில்லாத 8 பிட் மாறியில் 255 வரைதான் இருக்கும், 256 ஆக வேண்டிய இடத்தில் மறுபடி 0 ஆகிவிடும். ஆகவே "256-ஐவிடச் சிறியதாக இருக்கும் வரை" என்ற லூப் முடியவே முடியாது. 0 முதல் 255 வரை எல்லாக் கட்டங்களும் அந்த மாறியில் அடங்கிவிடுகின்றன என்பதால் இது கண்ணுக்குப் படாமல் தப்பிக்கிறது, லூப்பின் எல்லை மட்டும்தான் அடங்குவதில்லை.

அறிகுறி: சரியான புதிருக்கே "தீர்வு இல்லை" என்கிறது, எண் 16 எந்தக் காலிக் கட்டத்திலும் வைக்கப்படவே இல்லை

சாத்திய எண்களைப் பிட்களாக வைத்திருப்பவர்களுக்கு வருவது. எண் 1-க்கு 1-ஆம் பிட், எண் 9-க்கு 9-ஆம் பிட் என்று வைத்து, 0-ஆம் பிட்டைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பீர்கள். வசதியான பழக்கம்தான். ஆனால் 16-க்கு 16-ஆம் பிட் வேண்டும், அது 17-ஆவது இடம், 16 பிட் மாறியில் அதற்கு இடமில்லை, வெட்டிப்போய்விடும். 32 பிட் மாறிக்கு மாறிவிட்டால் 25×25 வரை கவலையில்லை. 36×36-க்குப் போகிறவர்கள் 64 பிட் எடுக்க வேண்டும், அப்போது மாறியை மட்டும் பெரிதாக்கினால் போதாது, இடப்பெயர்ச்சி செய்யும் அந்த 1-உம் 64 பிட்டாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பிட் செயல்கள் 32 பிட்டில்தான் நடக்கும், 1-ஐ 36 இடம் நகர்த்தினால் 4 இடம் நகர்த்திய விடைதான் வரும். பைதானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு கிடையாது.

எத்தனை பிட் எரிகிறது என்பதை 512 இடங்கள் உள்ள அட்டவணையில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் அதுவும் இப்போது போதாது. 25-க்கு அதே அட்டவணையை வளர்த்தால் மூன்று கோடிக்கும் மேல் இடம் வேண்டும். மொழியிலோ கம்பைலரிலோ இருக்கும் எண்ணும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: எளிய புதிர்கள் எல்லா அளவிலும் தீர்கின்றன, கடினமானவற்றுக்கு மட்டும் தவறான விடை அல்லது "தீர்வு இல்லை"

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான், ஏனென்றால் நான் 16-க்காக எழுதிய புது வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளாறு பழைய வரிகளில் இருந்தது. நான் சோதித்த 9×9 புதிர்கள் அனைத்தும் ஒரு ஊகம்கூட இல்லாமல், எண்களை நீக்கிக்கொண்டே போனாலே தீர்ந்துவிடுபவை. அதாவது ஊகம் தவறானால் பின்வாங்கும் பகுதி அதுவரை ஒருமுறைகூட ஓடவில்லை. 16×16-இல்தான் முதன்முதலாக ஓடியது, ஓடியவுடன் உடைந்தது.

முதலில் ஊகங்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுங்கள். உங்கள் பழைய சோதனைகள் எல்லாவற்றிலும் அது 0 என்றால் பின்வாங்கும் பகுதி சோதிக்கப்படவே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் இந்தச் சோதனை, இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை: முற்றிலும் காலியான 4×4 புதிரைக் கொடுத்து, முதல் தீர்வோடு நிற்காமல் எல்லாத் தீர்வுகளையும் எண்ணச் சொல்லுங்கள். சரியான விடை 288. அதைவிடக் குறைந்தால் ஒரு ஊகத்தில் நீக்கிய எண்கள் பின்வாங்கும்போது திரும்பி வரவில்லை. கூடினால் ஏதோ ஒரு விதி சரிபார்க்கப்படவில்லை, அல்லது ஒரே தீர்வு இரண்டு முறை எண்ணப்படுகிறது.

288 வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நகல். பட்டியலுக்குள் பட்டியலாகச் சாத்திய எண்களை வைத்திருந்து வெளிப் பட்டியலை மட்டும் நகலெடுத்தால், உள்ளே இருப்பவை இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். நகலில் நீக்கினால் மூலத்திலும் நீங்கிவிடும். இதற்கு ஆழ்ந்த நகல் எடுப்பதைவிட, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முழு எண் என்று ஒற்றைப் பட்டியலாக மாற்றிவிடுவது நல்லது, அப்போது சாதாரண நகலே போதும், 625 எண்கள் ஒன்றுமே இல்லை. இரண்டு, பாதியில் திரும்புதல். நகலெடுக்காமல், நீக்கியவற்றைக் குறித்து வைத்துத் திரும்பப் போடும் முறை உங்களுடையது என்றால், நீக்கிக்கொண்டு போகும்போது நடுவில் முரண்பாடு தெரிந்து அங்கேயே தோல்வி என்று திரும்பிவிடும் வரியைத் தேடுங்கள். அதுவரை நீக்கியவை குறிக்கப்பட்டனவா? நீக்குவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதுங்கள், வெற்றியோ தோல்வியோ, ஊகத்துக்கு முன் இருந்த அடையாளம் வரை எல்லாவற்றையும் திரும்பப் போடும் வேலையை ஊகம் செய்த ஃபங்ஷனே செய்யட்டும்.

அறிகுறி: 9×9 நொடியில் தீர்கிறது, 16×16 முடிவதே இல்லை

முடிவில்லாத லூப்பா, மெதுவாக ஓடுகிறதா என்று முதலில் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு லட்சம் ஊகத்துக்கும் ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். வரிகள் வந்துகொண்டே இருந்தால் ஊகங்கள் அதிகம், தேடும் முறையை மாற்ற வேண்டும். நெடுநேரத்துக்கு ஒரு வரியும் வராமல், ஊக எண்ணிக்கை ஊர்ந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு ஊகத்துக்கும் ஆகும் வேலை அதிகம். இரண்டுக்கும் மருந்து வேறு, இதை அளக்காமல் வேகப்படுத்த இறங்கினால் நாள் போய்விடும்.

ஊகங்கள் அதிகம் என்றால், காலிக் கட்டங்களை மேலிருந்து கீழாக வரிசையாக நிரப்பும் முறையை விட்டுவிட்டு, சாத்திய எண்கள் மிகக் குறைவாக இருக்கும் கட்டத்தை முதலில் எடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு நிகராக வேறெதுவும் கிடையாது. ஆனால் 9-இல் இதுவே போதும் என்று பழகியவர்களுக்கு 16-இல் ஏமாற்றம் வரலாம், காரணம் இது: ஒரு கட்டத்தில் ஒரே எண் மிஞ்ச வேண்டுமானால் 9×9-இல் 20 அண்டைக் கட்டங்களில் 8 வெவ்வேறு எண்கள் இருந்தால் போதும், 16×16-இல் 39 அண்டைக் கட்டங்களில் 15 வேண்டும், 25×25-இல் 64-இல் 24. அண்டைகள் தேவையைவிடக் கொஞ்சம் வேகமாகவே கூடினாலும், அத்தனை வெவ்வேறு எண்களும் ஒன்றுவிடாமல் சேர்வது கடினமாகிறது, அதனால் ஒரே எண் மிஞ்சும் கட்டங்கள் அரிதாகின்றன. அதே சமயம் "இந்த வரிசையில் 7 போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்" என்ற மறைந்த வகை நிறையவே கிடைக்கும். எனவே குழுவின் பக்கமிருந்தும் பாருங்கள். ஊகம் செய்யும்போதும், எந்தக் கட்டத்துக்குக் குறைந்த எண்கள் என்பதோடு, எந்தக் குழுவில் எந்த எண்ணுக்குக் குறைந்த இடங்கள் என்பதையும் ஒப்பிட்டு, இரண்டில் சிறியதை எடுங்கள்.

டொனால்டு குனூத் 2000-இல் வெளியிட்ட டான்ஸிங் லிங்க்ஸ் முறை (ஒவ்வொரு நிபந்தனையும் சரியாக ஒரு முறை நிறைவேறும்படி வாய்ப்புகளைத் தேர்ந்தெடுக்கும் தேடல்) இந்த இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால் உங்களுக்கு இந்த வேலை மிச்சம், நிபந்தனைகளின் எண்ணிக்கை 324-இலிருந்து 1024-க்கும், 25×25-க்கு 2500-க்கும் போகும், வாய்ப்புகள் 729-இலிருந்து 4096-க்கும் 15625-க்கும் போகும். அட்டவணைகளை 729 என்று நிலையாக அறிவித்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், மற்றபடி மறுபயன்பாட்டுக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் முறை அரிது.

ஊகங்கள் குறைவு, ஆனாலும் மெதுவு என்றால் மூன்று சந்தேகங்கள். அண்டைக் கட்டங்களின் பட்டியலை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறீர்களா? தொடக்கத்தில் ஒரு முறை போதும். ஒரு எண்ணை வைத்தபின் பலகை முழுக்கச் சாத்தியங்களைத் திரும்பக் கணக்கிடுகிறீர்களா? அதன் அண்டைகளை மட்டும் தொடுங்கள். மூன்றாவது, ஜோடி, மூவர், நால்வர் என்று கட்டக் கூட்டங்களைத் தேடும் உத்தி (ஒரு குழுவில் இரண்டு கட்டங்களுக்கு மொத்தம் இரண்டே எண்கள்தான் சாத்தியம் என்றால், அவற்றை அந்தக் குழுவின் மற்றக் கட்டங்களிலிருந்து நீக்குவது போன்றது). 9 கட்டங்களில் நான்கைத் தேர்ந்தெடுக்க 126 வழிகள்தான். அதே நிரல் பாதி அளவு வரை போனால் 16-இல் எட்டைத் தேர்ந்தெடுக்க 12870, 25-இல் பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்க 5200300, அதுவும் ஒவ்வொரு குழுவுக்கும். இரண்டு அல்லது மூன்று கட்டக் கூட்டங்களோடு நிறுத்திவிடுங்கள், மீதியை ஊகம் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எந்த அளவும் இருக்கலாம் என்ற பொதுவான சுடோக்கு என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது (அளவு கூடினாலும் எல்லாப் புதிரையும் வேகமாகத் தீர்க்கும் வழி இதுவரை தெரியாத வகை), இது 2003-இல் நிறுவப்பட்ட விஷயம். எனவே 25×25-இல் ஏதோ ஒரு புதிர் மட்டும் மணிக்கணக்கில் ஓடினால் அது பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே அளவில் மற்ற புதிர்கள் உடனே தீர்ந்து, இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், நிபந்தனைகளை ஒரு சாட் தீர்ப்பானுக்கு (ஆம்/இல்லை மாறிகளால் எழுதிய நிபந்தனைகளைத் தீர்க்கும் பொது நிரல்) ஏற்றபடி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். புதிரைப் படிக்கும் பகுதியும் சரிபார்க்கும் பகுதியும் அப்படியே பயன்படும்.

அறிகுறி: 16 ஓடுகிறது, 25-இல் ரிகர்ஷன் ஆழம் தாண்டிவிட்டது என்ற பிழை

பைதானில் இயல்பான வரம்பு 1000. கட்டத்துக்கு ஒரு அழைப்பு என்றால் 625, தப்பித்துவிடும். ஆனால் தீர்க்கும் ஃபங்ஷன் வைக்கும் ஃபங்ஷனை அழைத்து, அது மறுபடி தீர்க்கும் ஃபங்ஷனை அழைத்தால் 1250. வரம்பை உயர்த்துவது தற்காலிக ஒட்டு. கொடுக்கப்பட்ட எண்களுக்கும், வேறு வழியின்றித் தானாக விழும் எண்களுக்கும் லூப்பைப் பயன்படுத்தி, உண்மையான ஊகத்துக்கு மட்டும் ரிகர்ஷனில் இறங்கினால் ஆழம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அறிகுறி: 16 சரியாகிவிட்டது, இப்போது பழைய 9×9 தவறாக வருகிறது

தனியாக ஓட்டினால் 9 சரி, 16-க்குப் பிறகு அதே ஓட்டத்தில் கொடுத்தால் தவறு என்றால், அளவோ அண்டைப் பட்டியலோ பொது மாறியில் இருக்கிறது. முதல் புதிருக்குக் கட்டிய அட்டவணை அடுத்ததற்கும் அப்படியே பயன்படுகிறது. அளவு, குழுக்கள், அண்டைகள் மூன்றையும் ஒரு பொருளுக்குள் வைத்து, தீர்க்கும் ஃபங்ஷனுக்கு அதை உள்ளீடாகக் கொடுங்கள், உள்ளே எதுவும் வெளியில் இருக்கும் மாறியைத் தொடக்கூடாது. அதன்பின் 9, 16, 6, மறுபடி அதே 9 என்ற வரிசையில் ஒரே ஓட்டத்தில் கொடுத்துப் பாருங்கள். முதல் 9-க்கும் கடைசி 9-க்கும் ஒரே விடையும் ஒரே ஊக எண்ணிக்கையும் வர வேண்டும். விடை ஒன்றாக இருந்து ஊக எண்ணிக்கை மட்டும் மாறினால், ஏதோ ஒரு மாறி இன்னும் முந்தைய புதிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள்.